46 மணி நேரம் அமராத மாணவர்கள்

பிப்ரவரி மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்டேட் காலேஜ் என்னும் நகரில் உள்ள பல்கலைக்கழக அரங்கில் எழுநூறு பேர் அளவிலான மாணவர்கள் எழுந்து நிற்கிறார்கள். மீண்டும் அவர்கள் உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத்தான். இடைப்பட்ட 46 மணி நேரத்தில் அமரவும் கூடாது, உறங்கவும் கூடாது என்பது விதி. இசை ஒலித்துக்கொண்டே இருக்கும். கால்கள் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பென் ஸ்டேட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பல்கலைக்கழகத்தில் 1973 முதல் ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் நடன மாரத்தான் இது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரவுகளைக் கழித்த ஒரு தாய்க்கு, இரண்டு நாள் உறங்காமல் இருப்பது பெரிய சாதனையாகத் தோன்றாது. நம் இதழைப் படிப்போரில் பலர் அதைவிட நீண்ட விழிப்பை எந்தக் கைதட்டலும் இல்லாமல் கடந்தவர்கள். ஆயினும் இந்நிகழ்வைப் பற்றி இங்கே எழுதக் காரணம் உண்டு. இம்மாணவர்கள் திரட்டும் நிதியின் பயனாக, அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஹெர்ஷி என்னும் ஊரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்குச் சிகிச்சைக் கட்டணத்திற்கான பில் வந்து சேர்வதே இல்லை.

தொடக்கம் மிக எளியது. 1973இல் மாணவர் விடுதிச் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று இதைத் தொடங்கியபோது 39 இணைகள், அதாவது 78 பேர், 30 மணி நேரம் ஆடினார்கள். திரண்ட தொகை 2,000 டாலருக்குச் சற்று மேல். தொடக்க ஆண்டுகளில் யாருக்குக் கொடுப்பது என்பதே உறுதியாக இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1972இல், கிறிஸ்டோஃபர் மில்லார்ட் என்னும் சிறுவன் புற்றுநோயால் இறந்திருந்தான். நோய் கண்டறியப்பட்டபோது வயது பதினொன்று; இறந்தபோது பதினான்கு. நோயுற்றிருந்த காலத்தில் அவன் ஒரு கதை எழுதினான். கொடிய சூனியக்காரி ஒருத்தியின் பிடியில் சிக்கிய வீரன் ஒருவன் விடுதலை பெற நான்கு வைரங்களைத் தேடிச் செல்கிறான். துணிவு, அறிவு, நேர்மை, வலிமை என்பவை அந்த வைரங்களின் பெயர்கள். மகன் மறைந்த அதே ஆண்டில் பெற்றோர் சார்லஸ், இர்மா ஆகிய இருவரும் ஒரு நிதியத்தைத் தொடங்கி, அதற்கு நான்கு வைரங்கள் என்று பொருள்படும் ‘ஃபோர் டைமண்ட்ஸ்’ என்னும் பெயரையே வைத்தார்கள். மகனின் சிகிச்சைக்காக அலைந்த நாள்களில் மற்றக் குடும்பங்களின் நிலையையும் அவர்கள் கண்டிருந்தார்கள். 1977இல் நடன மாரத்தான் இந்த நிதியத்துடன் இணைந்தது. அன்று முதல் வேறு எங்கும் செல்லாமல் பணம் முழுவதும் அங்கேயே செல்கிறது.

இவ்வளவு நீண்ட கால உறவு கல்லூரி நிகழ்ச்சிகளில் அரிது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்கள் முற்றிலும் மாறிவிடும் ஒரு வளாகத்தில், ஆட்களை மாற்றிக்கொண்டே ஒரே வாக்குறுதியைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். 2025ஆம் ஆண்டில் மட்டும் திரண்டது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல். நம் மதிப்பில் 150 கோடி ரூபாயைத் தாண்டும். தொடக்கத்திலிருந்து கூட்டினால் 20 கோடி டாலரைக் கடந்துவிட்டது. பலன் பெற்ற குடும்பங்கள் நான்காயிரத்திற்கும் அதிகம்.

இனி அந்தப் பணம் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவரும் செலவில் ஒரு பங்கைத் தம் கையிலிருந்து செலுத்த வேண்டும். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டுகள் நீள்கிறது. அவ்வளவு காலமும் தாய் அல்லது தந்தை ஒருவர் வேலையை விட்டுவிட்டோ ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டோ பிள்ளையுடன் இருக்க வேண்டியிருக்கிறது. வருமானம் பாதியாகும் அதே வேளையில் செலவு பெருகுகிறது. இந்தக் கணக்கை நம் வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தகுதி பெற்ற குடும்பங்களுக்குக் காப்பீடு ஏற்காத சிகிச்சைச் செலவை ஃபோர் டைமண்ட்ஸ் ஏற்றுக்கொள்கிறது. சமூகப் பணியாளர், உளவியலாளர், இசைவழிச் சிகிச்சை அளிப்பவர் போன்றோரின் பணிக்கும், குழந்தைப் புற்றுநோய் பற்றிய ஆய்வுக்கும் இதே நிதி உதவுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது தொகையின் அளவைக் காட்டிலும் அது தரப்படும் முறை. நமக்குப் பழகிய முறை வேறு. ஒரு பிள்ளை நோயுறுகிறது, பணம் போதவில்லை, மூக்கில் குழாயும் கையில் ஊசியுமாகப் படுத்திருக்கும் படம் ஒன்று கைப்பேசிகளில் சுற்றுக்கு வருகிறது. வங்கிக் கணக்கு எண், தந்தையின் தொழில், குடும்பத்தின் கடன் எல்லாம் ஊரறியச் சொல்லப்படுகின்றன. கொடுப்பவர்களின் நல்லெண்ணத்தில் குறை காண இயலாது. எத்தனையோ உயிர்கள் அவ்வாறு காப்பாற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் முகம் பார்த்து இரங்குவதில் ஒரு கொடுமை உள்ளது. சிறிய, அழகிய குழந்தைக்குப் பணம் விரைவில் சேர்கிறது. பதினாறு வயதுப் பையனுக்கும், படம் எடுக்கச் சம்மதிக்காத பெண்ணுக்கும் சேர்வதில்லை. பிழைத்து வளர்ந்தபின் அந்தப் படத்தை இணையத்திலிருந்து அழிக்கவும் முடிவதில்லை.

நான்கு வைர நிதியத்தின் வழியில் குடும்பம் யாரிடமும் கையேந்துவதில்லை. பிள்ளை அந்த மருத்துவமனைக்கு வருமுன்னரே, யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமலேயே, மாணவர்கள் பணத்தைத் திரட்டி வைத்துவிடுகிறார்கள். பில் வராததற்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரு தனி மனிதர்கூட இல்லை. கடனாளியாக உணரவைக்காத உதவி என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

அப்படியானால் ஆட்டம் எதற்கு? நேர்மையாகச் சொன்னால், பணம் ஆட்டத்தால் வருவதில்லை. மாணவர்கள் செப்டம்பரிலிருந்தே வீட்டாருக்கும் பழைய மாணவர்களுக்கும் கடிதம் எழுதுகிறார்கள், பொருள்கள் விற்கிறார்கள், கடைகளையும் நிறுவனங்களையும் அணுகுகிறார்கள். கொரோனா காலத்தில் கூட்டம் கூட இயலாத 2021ஆம் ஆண்டில் நிகழ்வு இணையவழியே நடந்தது. அப்போதும் 1 கோடியே 6 லட்சம் டாலர் சேர்ந்தது. ஆட்டம் என்பது ஆண்டு முழுதும் செய்த வேலைக்கு ஒரு கெடு. ஞாயிற்றுக்கிழமை மாலை எண்கள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, கடைசிச் சென்ட் வரை தொகை அறிவிக்கப்படும் நாள் ஒன்று முன்னே நிற்பதால்தான் பிப்ரவரிவரை யாரும் ஓய்வதில்லை.

இந்நிகழ்வு பெரும்பாலும் இளநிலைப் பட்ட மாணவர்களுடையது. முதுநிலை மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் இத்தகைய வளாக நிகழ்ச்சிகளில் குறைவாகவே காணப்படுவார்கள். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது கிடையாது. குறித்த நேரத்தில் ஊட்டம் மாற்றாவிட்டால் ஒரு மாத உழைப்பு வீணாகும். பலர் வகுப்பெடுத்தோ ஆய்வில் உதவியோ பெறும் சிறு உதவித்தொகையில் வாழ்கிறார்கள். பலருக்குத் திருமணமாகிப் பிள்ளைகளும் உண்டு. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் சென்றவர்களுக்கு அந்த ஊரில் கடிதம் எழுதிப் பணம் கேட்கச் சுற்றத்தாரும் இல்லை. ஆட்டமும் பாட்டும் இளையவர்களுக்கானவை என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

ஆனாலும் இவர்கள் வரும்போது நோயாளியின் குடும்பத்திற்குக் கிடைப்பது வேறு வகையானது. அங்கே மாணவர் குழுக்கள் தனித்தனியே ஒரு குடும்பத்துடன் இணைக்கப்படுகின்றன. குழு அந்தக் குடும்பத்தின் பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும், பார்க்கப் போகும், அழைத்துப் பேசும். மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ ஒரு பிள்ளையுடன் நெருங்கிப் பழகும் மாணவர் அடுத்த மே மாதம் பட்டம் பெற்று ஊரைவிட்டுப் போய்விடுவார். சிகிச்சை அப்போது பாதியில்தான் இருக்கும். முனைவர் பட்டத்திற்கு ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் கீமோவிலிருந்து முடி மீண்டும் வளர்ந்து பள்ளிக்குத் திரும்பும் நாள்வரை அதே ஆள் அதே ஊரில் இருக்க முடிகிறது. வார்டில் முகங்கள் அடிக்கடி மாறுவது குழந்தைகளை எவ்வளவு கலங்க வைக்கும் என்பதைப் பெற்றோர் அறிவார்கள்.

ஹெர்ஷியின் மருத்துவ மாணவர்கள் நிலை இன்னும் தனிப்பட்டது. அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு, நான்காண்டுப் பட்டம் முடித்த பின்னரே தொடங்குகிறது. ஆகவே மருத்துவ மாணவர்களும் பட்டத்திற்குப் பின் படிப்போரே. பென் ஸ்டேட்டின் மருத்துவக் கல்லூரி முதன்மை வளாகத்தில் இல்லை. சாக்லேட் தயாரிப்பால் பெயர்பெற்ற ஹெர்ஷியில், அந்தச் செல்வத்திலிருந்து 1963இல் வழங்கப்பட்ட 5 கோடி டாலர் கொடையால் உருவானது. குழந்தைகள் மருத்துவமனையும் அதே வளாகத்தில் உள்ளது. அங்குப் படிக்கும் மருத்துவ மாணவர்களும் உயிர்மருத்துவ ஆய்வு மாணவர்களும் மாரத்தானில் பங்கு கொள்கிறார்கள். அரங்கில் ஆடும் மற்றவர்களுக்கு அந்த மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஓர் இடம். இவர்களுக்கோ அது அன்றாடம் நடக்கும் வராந்தா. தாம் திரட்டும் பணம் எந்த மாடியில், எந்தக் கதவுக்குப் பின்னால் செலவாகிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள்.

ஆய்வு மாணவர்களின் பங்கை இன்னும் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அண்டை மாநிலமான ஒஹாயோவில் உள்ளது. கொலம்பஸ் நகரில் 2009 முதல் ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் ‘பெலோட்டோனியா’ என்னும் மிதிவண்டிப் பயணம் நடைபெறுகிறது. பந்தயமன்று, முதலில் வருபவருக்குப் பரிசு ஏதும் இல்லை. பதிவு செய்யும்போதே ஒவ்வொருவரும் இவ்வளவு திரட்டித் தருவேன் என்று உறுதி கூற வேண்டும். அத்தொகை சேராவிட்டால் மீதியைத் தாமே கட்ட வேண்டும். நிகழ்ச்சிச் செலவை ஆதரவு நிறுவனங்கள் ஏற்பதால், மிதிவண்டி ஓட்டுவோர் திரட்டும் ஒவ்வொரு டாலரும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மையத்தில் ஆய்வுக்கே செல்கிறது. இதுவரை 25 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

அந்த நிதியின் ஒரு பகுதி புற்றுநோயை ஆராயும் மாணவர்களுக்கு உதவித்தொகையாகத் தரப்படுகிறது. முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் அதைப் பெறுகிறார்கள்; இளநிலை மாணவர்களுக்கும் உண்டு. இங்கே ஒரு வட்டம் உருவாகிறது. நோயிலிருந்து மீண்டவரும், உறவினரை இழந்தவரும், அவருடைய நோயின் மரபணுவை நுண்ணோக்கி வழியே தேடும் மாணவரும் ஒரே சாலையில் மிதிவண்டி மிதிக்கிறார்கள். ஆய்வகத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கணக்கில் பார்ப்பது திசுத் துண்டுகளையும் எண்களையும்தான். அந்தத் திசுவைத் தந்தவர் போன்ற ஒருவர் மேட்டில் மூச்சிரைக்கத் தமக்குப் பக்கத்தில் வருவதைக் காணும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. நோயாளிக்கும் அதுபோலவே. ‘ஆராய்ச்சி நடக்கிறது’ என்று மருத்துவர் சொல்லும்போது அது யாரோ எங்கோ செய்யும் செயலாகத் தோன்றும். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி அதைச் செய்கிறாள் என்று நேரில் அறிவது வேறு.

மீண்டும் பென்சில்வேனியா அரங்கிற்கு. நோயுற்ற குழந்தைகள் அங்கே விருந்தினர்கள். நீர்த்துப்பாக்கி ஏந்தி, சோர்ந்து நிற்கும் ஆட்டக்காரர்களை நனைப்பது அவர்களுடைய உரிமை. மாணவர்களின் தோள்களில் ஏறி வலம் வருவார்கள். மேடையில் பாடுவார்கள், உடையலங்காரம் காட்டுவார்கள். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் உடனிருந்து கவனிக்க ஒரு துணைவர் உண்டு. கால் பிடித்துவிடுவார், உணவு ஊட்டுவார், தூக்கம் கண்ணைக் கட்டும் விடியற்காலையில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். நோயாளிக்கு உடனிருப்போர் செய்யும் அதே வேலை! அதற்கு அவர்கள் முறையாகப் பயிற்சி பெறுகிறார்கள் என்பதைப் படித்தபோது, நம் வார்டுகளில் எந்தப் பயிற்சியும் இன்றி அதைச் செய்யும் அக்காமார்களும் பாட்டிமார்களும் நினைவுக்கு வந்தார்கள்.

கடைசி நாளின் இறுதி மணிகளில் குடும்பங்கள் மேடையேறிப் பேசுகின்றன. குணமான பிள்ளைகளின் பெற்றோர் மட்டுமல்லாமல், பிள்ளையை இழந்தவர்களும் பேசுகிறார்கள். இறந்த குழந்தைகளின் முகங்கள் திரையில் தோன்றும்போது பல்லாயிரம் பேர் கொண்ட அரங்கு அமைதியாகிவிடுகிறது. இந்தப் பகுதியை அமைப்பாளர்கள் தவிர்த்திருக்கலாம். கொண்டாட்டத்திற்கு நடுவே மரணத்தைப் பேச யாரும் விரும்புவதில்லை. தவிர்க்காததுதான் இந்நிகழ்வின் மதிப்பு என்பது என் எண்ணம். பிள்ளை இறந்தபின் நிதியமும் மாணவர்களும் விலகிவிட்டால், அந்தக் குடும்பம் இரண்டாம் முறை கைவிடப்பட்டதாகவே உணரும். இழந்த குடும்பங்கள் ஆண்டுகள் கடந்தும் அரங்கிற்கு வருகின்றன.

குறைகளும் உண்டு. முன்பு வார இறுதிகளில் மாணவர்கள் தொலைதூர ஊர்களுக்குக் காரில் சென்று, சாலைச் சந்திப்புகளில் தகரக் குவளை ஏந்திப் பணம் திரட்டினார்கள். அத்தகைய பயணங்களிலிருந்து திரும்புகையில், களைப்பு மிகுந்த சாலையில், மாணவர்கள் விபத்தில் உயிரிழந்தார்கள். 2011இலும் 2015இலும் அது நேர்ந்தது. அந்த வழக்கம் பின்னர் கைவிடப்பட்டது. பிள்ளைகளைக் காக்கத் திரட்டும் பணத்திற்காக வேறொரு வீட்டுப் பிள்ளை இறக்கக் கூடாது என்பதை உணர இவ்வளவு விலை தர வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் சென்ற ஆண்டின் தொகையை முந்த வேண்டும் என்னும் வேகமும் ஆபத்தானதே. தொகை சற்றுக் குறைந்த ஆண்டில் மாணவர்கள் தோற்றுவிட்டதாக அழுவதுண்டு. எந்தக் குடும்பத்திற்கும் பில் அனுப்பப்படாத ஓர் ஆண்டைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

நம் மருத்துவமனைகளுக்கும் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். பண்டிகை நாள்களில் பழக்கூடையோடு, சில வேளைகளில் படக்கருவியோடு. அவர்களுடைய வருகையை வரவேற்பது நல்லது. அதே வேளையில் உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு. படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னதால் உதவி குறையக் கூடாது. எடுத்த படம் எங்கே வெளியாகும், எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்கலாம். ஒரு பிள்ளையின் பெயரில் திரட்டப்படும் பணம் நேரே மருத்துவமனைக் கணக்கில் சேர்கிறதா, தனியார் கணக்கிலா, மீதமானால் யாருக்குப் போகும் என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில், கூட்டமான நிகழ்ச்சிக்கு அழைத்தால் மருத்துவரைக் கேட்காமல் செல்ல வேண்டாம். சளி, காய்ச்சல் உள்ள மாணவர் படுக்கையருகே வந்தால், முகம் கோணாமல் வெளியே நிற்கச் சொல்லலாம். மற்றவர்களையும் கை கழுவிவிட்டு வரச் சொல்லலாம். தவறாக எண்ணமாட்டார்கள்.

அவர்கள் பணமே கொண்டுவர வேண்டும் என்பதும் இல்லை. முதுநிலை படிக்கும் ஒருவருக்கு ஆங்கிலத்தில் உள்ள காப்பீட்டுப் படிவம் அரை மணி நேர வேலை. நமக்கு அது ஒரு முழு நாள் கலக்கம். மருந்தக வரிசையில் நிற்கவோ, இரத்தம் கொடுப்போரை அழைத்து வரவோ, நீங்கள் கீழே போய்க் குளித்துச் சாப்பிட்டு வரும்வரை பிள்ளையுடன் பேசிக்கொண்டிருக்கவோ ஆள் வேண்டுமானால், ‘ஏதாவது உதவி வேண்டுமா, அம்மா?’ என்று கேட்கும் மாணவரிடம் தயங்காமல் அதையே சொல்லுங்கள். வார்டுச் செவிலியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.